கட்டிலில் கிடைத்த கடுகு

சந்தேகமும் ஓய்வூதியமும் ஒரே மாதிரி. வேலையிலிருந்து அனுப்பிவிட்ட பிறகும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். ஓய்வூதியத்துக்காவது வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டும். சந்தேகத்துக்கு அந்தச் சிரமமும் கிடையாது.

நான் அரசுக் கிடங்குகளில் சரக்குச் சரிபார்ப்பு அதிகாரியாக இருந்தவன். சிமெண்ட், கம்பி, தார், குழாய் என்று எது எங்கே அடுக்கியிருந்தாலும் போய் எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் ஏன் என்று கேட்பது என் வேலை. பணிக்காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். "எலி, சார்." சாக்கு குறைந்தால் எலி. கயிறு குறைந்தால் எலி. மலையோரத்துக் கிடங்கு ஒன்றில் இரும்புக் கம்பி குறைந்ததற்கும் எலியைத்தான் சொன்னார்கள். அந்த எலியை நேரில் பார்க்க எனக்கு இன்றும் ஆசை இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவனின் வீட்டுக்கு 2011-இல் ஒரு குழந்தை வந்தது. அதுவும் முதல் பேத்தி.

என் மகள் பிந்து, மாப்பிள்ளை ராஜேஷுடன் மஸ்கட்டில் இருந்தாள். பிரசவத்துக்கு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டாள். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தை மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். மெத்தை கெட்டியா, மேடு பள்ளம் இல்லாம இருக்கணும். விரிப்பு இழுத்துச் செருகியிருக்கணும். தலையணை, கம்பளி, பொம்மை, ஒண்ணும் கூடாது. தனிக் கட்டில், ஆனா அம்மா இருக்கிற அறையிலேயே. சேலைத் தொட்டில் வேண்டாம், உடம்பு வளைஞ்சிடும், துணி முகத்தை மூடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் அத்தனையையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லி, "ஒரு துண்டு மடிச்சு வைக்கலாமா?" என்றும் கேட்டேன். கூடாது என்றார். "மெல்லிசான துண்டு?" கூடாது. "குழந்தை தூக்கத்துல தானா கவிழ்ந்தா?" அந்த வயதில் கவிழாது, கவிழும் வயது வரும்போது சொல்கிறேன் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று விசாரித்தார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். (வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிந்து ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பிரசவக் களைப்பு என்று நினைத்தேன்.)

ஓய்வுபெற்று மூன்று வருடமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதுதான். தெளிவான விதிமுறை. அதை மீறக் காத்திருக்கும் ஒரு ஜனக்கூட்டம். நடுவில் நான்.

முதல் வாரத்திலேயே பறிமுதல் தொடங்கியது. என் மைத்துனன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த, புலிப்படம் போட்ட கம்பளி. (வெளியே கட்டாந்தரை வெடித்துக் கிடக்கும் வெயில். அந்தக் கம்பளிக்குள் புலியே செத்துப்போகும்.) குழந்தையைவிட இரண்டு மடங்கு பெரிய கரடிப்பொம்மை. இலவம்பஞ்சுத் தலையணைகள் நான்கு. கொசுவலைக் கூண்டோடு வந்த ஒரு பஞ்சு மெத்தை. கையை வைத்தால் முழங்கை வரை உள்ளே போயிற்று. எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். உத்தரத்தில் சேலைத் தொட்டிலுக்காக இருந்த கொக்கியையும் கழற்றினேன்.

"பிள்ள பெத்த வீடா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றாள் என் மனைவி சரோஜம்.

"ரெண்டும்தான்" என்றேன்.

அந்த வாரம்தான் மாப்பிள்ளையின் அம்மா லீலாபாய் இரணியலிலிருந்து வந்தார். அங்கே சொந்தமாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஒரு துணியைத் தூரத்திலிருந்து பார்த்தே அதன் விலையையும் விற்றவனின் யோக்கியதையையும் சொல்லக்கூடியவர். வந்தவர் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில், பூப்போட்ட துணியில் தைத்த ஒரு பொருளை எடுத்தார். ஆட்டினால் சரசரவென்றது.

"இது என்ன, மைனி?"

"கடுகுத் தலகாணி, அண்ணே. இதுல கெடந்தாப் பிள்ளைக்குத் தல நல்லா உருண்டு வரும். ராஜேஷுக்கும் இதுதான் வச்சேன். அவனுக்க தலையப் பாத்தியளா? பூசணிக்கா மாதிரி."

(மாப்பிள்ளையின் தலை உருண்டை என்பதை நான் மறுக்கவில்லை. வெளிப்புறத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.)

"தலகாணியே கூடாது, மைனி. டாக்டர் சொல்லியாச்சு. தல தன்னால உருளும். முழிச்சிருக்கப்போ கொஞ்ச நேரம் நம்ம கண்முன்னால கவுத்திப் போட்டாப் போதும். இது தையல் விட்டுதுன்னா என்ன ஆகும்? ஒரு கடுகு மூக்குல போனாப் போதும்."

"எனக்க தையலா விடும்?" லீலாபாய் நிமிர்ந்தார். பிறகு என் பின்மண்டையைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார். "உங்களுக்குச் சின்னதுல யாரும் வச்சு விடல்லியோ, அண்ணே?"

சரோஜம் அவசரமாக அடுக்களைக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. சிரிப்பை மறைக்கப் போட்டதாக இருக்கலாம்.

தலையணை வேண்டாம் என்று முடிவாயிற்று. அதை லீலாபாய் திரும்ப எடுத்துப் போயிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்ற சொல் என் தொழிலில் தண்டனைக்குரியது. ஆனால் அப்போது எனக்குக் கழுத்துப்பிடி. குழந்தையின் கட்டிலுக்கு மேல் நாளெல்லாம் குனிந்து பார்த்ததால் வந்தது. சரோஜம் என் பழைய தலையணைக்குப் பதிலாகச் சின்னதாய், அழுத்தமாய் ஒன்றை உறைக்குள் போட்டுத் தந்தாள். வைத்தியர் சொன்னது என்றாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டையோடு அதில் அரைமணி நேரம் சாய்ந்தால் கழுத்து அப்படியே இளகியது. அந்தத் தலையணையை நான் வாய்விட்டுப் புகழ்ந்தேன். சரோஜம் அவசரமாக வேறு வேலை பார்க்கப் போனாள்.

முதல் கடுகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிடைத்தது. நான் மதியத் தூக்கம் முடிந்து வழக்கமான பார்வையிடலுக்குப் போனேன். வெள்ளை விரிப்பில், குழந்தையின் தோளுக்குப் பக்கத்தில், ஒற்றைக் கடுகு. அன்று லீலாபாய் வந்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் தாளிச்ச கையோட வந்து தூக்கினேன்லா. சீலையில ஒட்டியிருந்து விழுந்திருக்கும்" என்றாள் சரோஜம்.

நான் அடுக்களைக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மாதிரி எடுத்தேன். எங்கள் வீட்டுக் கடுகு பொடிசு. கட்டிலில் கிடைத்தது பெரிது. இரண்டையும் அவள் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். சரோஜத்தின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு அவள் சொன்னாள்:

"அப்போ எலியாட்டு இருக்கும்."

மேலே உத்தரத்தைப் பார்த்தேன். எந்தக் கிடங்கில் நிற்கிறேன் என்று ஒரு நொடி புரியவில்லை. என் வீட்டிலேயே, என் மனைவியின் வாயிலிருந்தே, எலி! அந்த ஒரு சொல் போதும். இங்கே முறைகேடு நடக்கிறது என்பது உறுதியாயிற்று. லீலாபாய் தலையணையைப் பையில் ஒளித்துக் கொண்டுவருகிறார். நான் தூங்கும் நேரம் பார்த்துக் குழந்தையின் தலைக்கடியில் வைக்கிறார். நான் எழும் முன் எடுத்துவிடுகிறார். சரோஜம் உடந்தை.

அடுத்த முறை லீலாபாய் கைகால் கழுவக் குளிமுறிக்குப் போன சமயத்தில் அவருடைய பைக்குள் கைவிட்டேன். ஒரு குடை, ஒரு அளவு நாடா, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வத்தல்.

"என்னத்த அண்ணே தேடுதிய?" பின்னால் குரல் கேட்டது.

"என் கண்ணாடி."

"அது உங்க மூக்குலல்லா இருக்கு" என்றார். வத்தல் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் திருடவில்லை, சோதனை போட்டேன் என்று விளக்க எனக்கு வழி இருக்கவில்லை. (வத்தல் நன்றாக இருந்தது. அதுவும் என் சந்தேகத்தை அதிகரித்தது.)

அவர் வராத நாட்களிலும் கடுகு கிடைத்தது. அறிவுள்ள எவனுக்கும் இது ஒன்றை உணர்த்தியிருக்கும். எனக்கும் உணர்த்தியது: அந்த அம்மாளுக்கு வீட்டுக்குள் நிரந்தரமாக ஆள் இருக்கிறது. கிடைத்த கடுகையெல்லாம் ஒரு காலித் தைல டப்பாவில் சேர்த்து, மூடியைச் சுற்றி நூல் கட்டி அரக்கு வைத்தேன். கட்டிலருகே காவலை அதிகப்படுத்தினேன். காவலை அதிகப்படுத்த அதிகப்படுத்தக் கடுகும் அதிகமானது. குற்றவாளி எனக்குச் சவால் விடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பிந்து அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தையின் கீழுதட்டில், எச்சில் ஈரத்தில், ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. பிந்து அதை விரல் நுனியால் எடுத்துவிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பா, இது வாய்க்குள்ள போயிருந்தா? மூச்சுக்குழல்ல போயிருந்தா? யாருன்னு கண்டுபிடிங்கப்பா."

அதுவரை எனக்கு இது ஒரு வேலை. அந்த நிமிடத்திலிருந்து பயம். ஏனென்றால் இருபத்தெட்டு கெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு இடுப்பில் சரடு கட்டிப் பெயர் சொல்வார்கள். அன்று சாயங்காலமே பிந்துவையும் குழந்தையையும் லீலாபாய் இரணியலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இங்கே என் கண்ணெதிரிலேயே கடுகு தூவுகிறவர் அங்கே என்ன செய்வார்? குழந்தையை அனுப்பக்கூடாது. அதற்கு ஒரே வழி, ஆதாரத்தோடு எல்லோர் முன்னாலும் நிரூபிப்பது. இருபத்தெட்டாம் நாள் காலையில் பிந்துவிடம் மட்டும், "இன்னிக்குச் சாயங்காலம் எல்லாம் தெரிஞ்சிரும்" என்று சொல்லி வைத்தேன். இந்த ஒரு வாக்கை மட்டும் நான் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன்.

அன்று வீடு நிறைய ஆள். ராஜேஷ் விடுப்பில் வந்திருந்தான். குழந்தைக்கு ஆதிரா என்று பெயர் சொன்னோம். வாழையிலையில் சாப்பாடு; மூன்று பாயசம். மூன்றாவது பாயசத்துக்குப் பிறகு, விசாரணைக்குத் தெளிவான மூளை வேண்டும் என்பதால், புதுச்சட்டையோடு போய் என் அருமைத் தலையணையில் அரைமணி நேரம் சாய்ந்தேன். எழுந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். குழந்தையின் கட்டிலை அன்று எல்லோரும் பார்க்கட்டும் என்று கூடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஆதிரா மல்லாந்து, கைகளை இருபுறமும் விரித்து, முறைப்படி உறங்கிக்கொண்டிருந்தாள். லீலாபாய் வீட்டார் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "பிள்ளையக் கொண்டுபோறதுக்கு முன்ன ஒரு விஷயம் தீரணும்."

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஞானமுத்துவைச் சாட்சியாக முன்னே அழைத்தேன். வீடியோக்காரர் விசேஷத்தின் மிச்சமென்று நினைத்து விளக்கைப் போட்டுப் படம் பிடிக்கத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. பதிவு இருப்பது நல்லதுதானே?

"இந்தக் கட்டில்ல பல நாளாட்டு கடுகு கிடைக்குது. எங்க வீட்டுக் கடுகு இல்ல. தலகாணிக் கடுகு. இதோ." அரக்கை உடைத்தேன். "மைனி, நான் நேராவே கேக்கேன். அந்தத் தலகாணி இப்போ எங்க?"

லீலாபாய் டப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"எனக்க பேத்திக்கு நான் ஒளிச்சு வச்சு கெடுதல் செய்வேன்னா சொல்லுதிய?"

"நான் யாரையும் சொல்லல. ஆதாரம் சொல்லுது."

"அம்மா, போலாம், வா" என்றான் ராஜேஷ். அவனுடைய உருண்டைத் தலை சிவந்திருந்தது. பிந்து என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். சரோஜம் எழுந்து, "இஞ்ச பாருங்க, நான் ஒண்ணு சொல்லட்டா" என்றாள். "நீ சும்மா இரி. உனக்க எலிக்கதைய நான் பொறவு கேக்கேன்" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சம்பவ இடத்தைக் காட்டாமல் எந்த விசாரணையும் முழுமை பெறாது. "ஞானமுத்து சார், இங்கன வாருங்க. விரிப்பப் பாருங்க, இப்போ சுத்தமா இருக்கா?"

"சுத்தமாட்டுதான் இருக்கு" என்றார் ஞானமுத்து.

"கடுகு எப்பவும் இங்கனதான் கிடக்கும், தோளுக்குப் பக்கம்" என்று சொல்லிக் கட்டிலுக்கு மேல் நன்றாகக் குனிந்து விரலால் சுட்டிக் காட்டினேன்.

என் சட்டைப் பையிலிருந்து ஒரு கடுகு விழுந்தது. தொடர்ந்து காலரிலிருந்து இரண்டு. நான் திடுக்கிட்டு இன்னும் கொஞ்சம் குனிய, ஒரு சிறு தூறலே பெய்தது.

வீடியோக்காரரின் விளக்கு எனக்கு நெருக்கமாக வந்தது.

"சார்," என்றார் ஞானமுத்து, முப்பது வருடம் பையன்களைக் கையும் களவுமாகப் பிடித்த அதே நிதானத்தோடு, "மொதல்ல இல்ல. நீங்க குனிஞ்ச பொறவுதான் வந்துது."

பிந்து பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவள் அதன் கழுத்து மடிப்பையும் காதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் துடைத்தாள். நான் என் பைக்குள் கைவிட்டேன். உள்ளே ஒரு தாளிப்புக்குப் போதுமான அளவு இருந்தது.

சரோஜம் அறைக்குள் போய் என் தலையணையைக் கொண்டுவந்து உறையை உருவினாள். பூப்போட்ட துணி. ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது.

"மைனி ஆசையாத் தச்சுக் கொண்டுவந்து இஞ்ச விட்டுட்டுப் போனது. களைய மனசு வரல்ல. இவருக்குக் கழுத்துவலின்னு தலைக்கு வச்சு விட்டேன். சொன்னா வீட்டுக்குள்ள கடுகுத் தலகாணி எப்படி வந்துதுன்னு அதுக்கொரு விசாரணை வைப்பாரு. அதான் எலின்னு சொன்னேன். தையல் விட்டுதுன்னு சத்தியமாட்டு எனக்குத் தெரியாது."

லீலாபாய் தலையணையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார். அவமானத்தில் இருந்தவருக்குத் தொழில் அபிமானம் முதலில் எழுந்தது.

"பச்சப்பிள்ளைக்க தலைக்குத் தச்சது" என்றார். "இந்தத் தலைய எந்தத் தையலு தாங்கும்?" பிறகு என் பின்மண்டையைச் சுற்றி வந்து பார்த்தார். "ஆனாலும் இத்தன நாளு கெடந்தும் ஒண்ணும் உருளல்ல, அண்ணே."

முதலில் சிரித்தது ராஜேஷ். அடுத்து கூடமே சிரித்தது. நான் லீலாபாய் முன்னால் கைகூப்பி, "மைனி, தப்பு எனக்க பேருல" என்றேன். சிரிக்காதவள் பிந்து மட்டும்தான்.

"அவ வாயில கெடந்த கடுகு உங்க பையில இருந்து விழுந்ததுப்பா" என்றாள் மெதுவாக.

எத்தனையோ பேரை நான் பதில் சொல்ல முடியாமல் நிற்க வைத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. எலி என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. என் கணக்கின்படி அந்த வீட்டில் குழந்தைக்கு ஆபத்தாக இருந்த பொருட்கள் மொத்தம் ஒன்று. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

ஆதிரா திட்டமிட்டபடி இரணியலுக்குப் போனாள். அங்கே தனிக் கட்டில், கெட்டி மெத்தை, இழுத்துச் செருகிய வெள்ளை விரிப்பு. லீலாபாய் கடையில் பத்து விரிப்பைக் கிழித்துத் தைத்துப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுத்திருந்தார். தலையணை மருந்துக்கும் இல்லை. நான் சொல்லியும் டாக்டர் சொல்லியும் கேட்காத காரியத்தை, என் சட்டைப்பை அவருக்கு விளக்கிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் நான் பார்க்கப் போனபோது அறை வாசலில் நிறுத்தினார்.

"அண்ணே, சட்டை."

"என்ன மைனி?"

"கோயிலுக்குப் போனாக் கழத்துவியள்லா? அது மாதிரி இங்கயும். பிள்ளைக்க மேல குனியுதவங்க பையும் காலரும் இல்லாமத்தான் உள்ள போவணும்."

கழற்றினேன். தோளில் துண்டோடு, ஸ்ரீகோவில் முன் நிற்கிறவனைப் போல நின்று பேத்தியைப் பார்த்தேன். விதிமுறை என்ற வகையில் அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டேன்.

டிவிடி பின்னால் வந்தது. வீடியோக்காரர் கலைஞர். கடுகு விழும் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, நாதஸ்வரம் சேர்த்து, ஓரங்களில் ரோஜாப்பூக்கள் உதிர்வதுபோல் செய்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கு ஆள் கூடினாலும் அது ஓடும். ஆதிராவுக்கு நான்கு வயதானபோது, தனித் தலையணை வேண்டும் என்று அடம்பிடித்தாள். பிந்து மஸ்கட்டிலிருந்து போனில், "கொடுக்கலாமாப்பா?" என்று கேட்டாள். "இந்த வயசுல கொடுக்கலாம். சின்னதா, தட்டையா" என்றேன். பின்னாலிருந்து ஆதிராவின் குரல் கேட்டது: "தாத்தா, உள்ள கடுகு இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க!"

அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். அதற்குள் அந்தச் சட்டை விதி எங்கள் உறவு முழுவதற்கும் பரவியிருந்தது. இரணியல் வீட்டு அறை வாசலில் ஒரு கொடிக்கயிறு கட்டி, வரும் ஆண்களின் சட்டைகளையெல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். ஏனென்று தெரியாத தூரத்து உறவினர் ஒருவர், குழந்தைக்கு ஏதோ வழிபாடு நடப்பதாக நினைத்துச் செருப்பையும் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பேரன் மல்லாந்து, வெறும் விரிப்பில், கைகளை விரித்து உறங்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். லீலாபாய் என் சட்டையைக் கயிற்றில் போடவில்லை. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நன்றாக உதறிவிட்டு, தரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கட்டும். அவர் இடத்தில் நானாக இருந்தால் வேட்டியையும் உதறச் சொல்லியிருப்பேன்.